கட்டைவிரலை மடக்கினால் மூன்று

கட்டைவிரல் உள்ளே போகிறது, ஹனா, சுட்டுவிரல் அதன்மேல் படுக்கிறது, தூல், நடுவிரல், செத், மோதிரவிரல், நெத், கடைசியில் சுண்டுவிரல், தசொத், ஐந்து எண்ணி முடித்தால் கொரியாக்காரர்கள் கை முஷ்டியாகிவிடுகிறது, பள்ளிக்கூடத்தில் நாங்கள் எண்ணியபோது விரல் ஒவ்வொன்றாக நீண்டு கை மலரும், இவர்கள் எண்ணும்போது ஒவ்வொன்றாக மடங்கிக் கை மூடுகிறது, நானும் ஆறு வருஷமாக இப்படித்தான் எண்ணுகிறேன், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஆட்களை, கொடியில் காய்கிற துண்டுகளை, அடுப்பில் பொங்குகிற குமிழிகளை, ஐந்துக்கு வந்து நின்றதும் மூடிய கையை உடனே திறக்க எனக்கு மனசு வருவதில்லை, அந்தக் கைக்குள் ஒரு ஆள் இருக்கிறான், கிருபாகரன் என்று பெயர், இன்னும் கொஞ்சம் இறுக்கு, இன்னும் கொஞ்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், நகம் உள்ளங்கையில் பதிகிற வரைக்கும்.

ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனி அது, கீழே நூற்று எண்பது பெண்கள், மேலே நாலு கொரியாக்காரர்கள், நடுவில் கிருபாகரன், அவன் வாய் வழியாகத்தான் எங்கள் வார்த்தை மேலே ஏற வேண்டும், அவர்கள் வார்த்தை கீழே இறங்க வேண்டும், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதுகூட அவன் மனசு வைத்தால்தான் கொரிய மொழியாகும், மடிப்புக் கலையாத சட்டை, காதில் சின்ன இயர்போன், ஏம்மா என்றுதான் எல்லோரையும் கூப்பிடுவான், பெயர் கேட்டதில்லை. பெரிய அதிகாரியின் பெயர் ஹ்வாங், எங்கள் வாயில் அது வாங் ஆகி, எழிலரசி வாயில் வாங்க ஆயிற்று, அவர் வரும்போதெல்லாம் அவள் கும்பிட்டு, வாங்க சார் என்பாள், தன் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டாள் என்று அவர் பதிலுக்குக் குனிந்து வணங்குவார், வரிசை முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எழிலரசி வந்தவாசிப் பக்கத்துப் பெண், விடுதியில் எனக்கு அடுத்த பாய், தூக்கத்திலும் பேசுவாள், சாப்பாட்டில் கல் கிடந்தால் அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து அதற்கும் ஒரு பெயர் வைப்பாள், இப்போது யோசித்தால் அவள் குரல்தான் முதலில் வருகிறது, முகம் பின்னால் வருகிறது, கை கடைசியில்.

அச்சு இயந்திரத்தில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்காமல் தடுக்கிற கண் அது, அது எரிந்தால் நாங்கள் பத்திரம், அன்றைக்குக் காலையிலிருந்தே அது எரியவில்லை, ஷிப்டு தொடங்கினதும் எழிலரசி கிருபாகரனிடம் போய்ச் சொன்னாள், பார்த்துக்கறேன் போம்மா என்றான், டீ குடித்துவிட்டு வந்ததும் மறுபடி சொன்னாள், வண்டி வந்து நிக்குது, இன்னிக்கு எண்ணிக்கை முடிஞ்சாகணும், நீ போய் ஓட்டு என்றான், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது தடவை போனாள், நானும் கூடப் போனேன், பயமா இருக்கு சார் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது, அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை, பயமா இருந்தா ஊருக்குப் போ என்றான். அவள் ஊருக்குப் போகவில்லை, இயந்திரத்துக்குத் திரும்பி வந்தாள், ரப்பர் துண்டை எடுத்து வைத்தாள், அச்சு இறங்கியது, அவள் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் புரியாதது, வாய் ஓயாமல் பேசுகிறவள், கையை வெளியே இழுத்து என்னைப் பார்த்து, இன்னாடி இது என்று மட்டும் கேட்டாள், வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை.

பத்து நாள் கழித்து விசாரணை, கண்ணாடி மேஜை, குளிர் சாதனம், எல்லோருக்கும் முன்னால் காகிதக் கோப்பையில் காபி, எழிலரசி கட்டுப்போட்ட கையை மடியில் ஒரு குழந்தையைப் போல வைத்திருந்தாள், நான் சாட்சி. ஹ்வாங் சார் மெதுவாக ஏதோ கேட்டார், கிருபாகரன் எங்கள் பக்கம் திரும்பி, விளக்கு எரியலைன்னு முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னியான்னு கேக்குறாரு என்றான், குரலில் ஒரு சுருக்கமும் இல்லை, எழிலரசி அவனையே பார்த்தாள், உங்ககிட்டதான சார் சொன்னேன், மூணு தபா சொன்னேனே, அவன் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பேசினான், நீளமாக, மரியாதையாக, அந்தப் பேச்சில் ஒரே ஒரு சத்தம் மட்டும் என் காதில் ஒட்டிக்கொண்டது, ஹன் பொன்தோ, நடுவில் பொன் என்று கேட்டதால் ஒட்டிக்கொண்டது. ஹ்வாங் சார் முகம் இறங்கியது, என்னைப் பார்த்தார், நீயும் சொல்லு என்பதுபோல, கையை நீட்டினேன், நம்மூர் வழக்கப்படி கட்டைவிரலால் சுண்டுவிரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக் காட்டினேன், ஷிப்டு தொடங்கினப்போ ஒன்று, டீக்கு அப்புறம் இரண்டு, சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று, ஒரே விரலில் மூன்று கணு, அதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிக் காட்ட முடியும், அவர் என் கட்டைவிரலையே பார்த்தார், ஒன்றும் விளங்கவில்லை, கிருபாகரனைக் கேட்டார், அவன் என் கையைப் பார்த்துச் சிரித்த மாதிரி உதட்டை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான், கிதோ, உடனே ஹ்வாங் சார் எனக்குத் தலை குனிந்து, முன்னால் இருந்த ஃபைலை மெல்ல மூடினார். எழிலரசியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள், அவளை ஊருக்கு அனுப்பினார்கள், அந்த மாதக் கடைசியில் என்னையும் இனி வர வேண்டாம் என்று சொன்னார்கள், வாசலில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது என்னிடம் மிச்சம் இருந்தது அந்த இரண்டு சத்தங்கள்தான், ஹன் பொன்தோ, கிதோ, பொருள் தெரியாத இரண்டு கற்களை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி அவற்றோடு பஸ் ஏறினேன்.

அந்தச் சத்தத்துக்குப் பொருள் தெரியாமல் ஊருக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன், ஸ்ரீபெரும்புதூரில் கொரியாக்காரர்கள் தங்கிச் சாப்பிடுகிற விடுதி ஒன்றில் சமையல்கட்டு வேலைக்குச் சேர்ந்தேன், அதை நடத்துகிறவளை அஜும்மா என்று கூப்பிட வேண்டும், குட்டையான உருவம், கத்தரி போட்ட முடி, யாருக்கும் எதையும் சொல்லித் தருகிற பொறுமை கிடையாது, கத்துவாள், அந்தக் கத்தல்தான் எனக்குப் பாடம். முட்டை இரண்டு என்று கத்தினால் ஒரு சொல், பீர் மூன்று புட்டி என்றால் வேறு சொல், சோறு ஒரு கிண்ணம் என்றால் இன்னொன்று, எண்ணோடு சும்மா விட்டுவிட முடியாது, எண்ணுகிற பொருளுக்குத் தகுந்த வால் ஒன்றைச் சேர்க்க வேண்டும், தட்டையான காகிதத்துக்கு ஒரு வால், ஓடுகிற வண்டிக்கு ஒரு வால், செருப்பு ஜோடிக்கு ஒன்று, போதாததற்கு எண்ணே இரண்டு வகை, மணியை ஒரு வகையில் சொல்லி நிமிஷத்தை இன்னொரு வகையில் சொல்கிறார்கள், முதல் மாதம் எனக்கு அது திருட்டுக் கணக்கு மாதிரி இருந்தது, மூன்று கிண்ணம் கேட்டால் மூன்று குவளை கொண்டுபோய் வைப்பேன், அஜும்மா கரண்டியால் மேஜையைத் தட்டுவாள், நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன், செத் என்றால் மூன்று, அந்தச் சத்தத்தைத் தமிழில் யாருக்காகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், கொஞ்சம் அழுத்தியே சொல்லிப் பழகினேன். ஆடு, மாடு, கோழி, மீன் எல்லாவற்றையும் எண்ண ஒரே வால்தான், மரி, மனிதருக்குப் போட்டால் அடிக்க வருவார்கள், அது தெரிந்ததிலிருந்து என் மனசுக்குள் கிருபாகரனுக்கு அந்த வால்தான், கிருபாகரன், ஒரு மரி.

சாப்பிடுவதற்கு முன்னால் அஜும்மா கண்ணை மூடிக் கைகளைக் கோத்துக்கொள்வாள், ஒரு நாள் அந்த நேரத்தில் நான் தட்டைச் சத்தமாக வைத்துவிட்டேன், கிதோ என்று அதட்டினாள், கோத்த கையைக் காட்டினாள், பிரார்த்தனை, எனக்குப் புரியவில்லை, விசாரணையில் பிரார்த்தனை எங்கே வந்தது. பின்னால் மழைக்காலத்தில் இரும்புச் சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டேன், அஜும்மா என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி விரல்களை மடக்குகிறாள், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், செ பொன் என்கிறாள், மூன்று தடவை உனக்குச் சொன்னேன், பொன் என்றால் தடவை, அவள் நிறுத்தவில்லை, ஹன் பொன்தோ, ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை, ஹன் பொன்தோ. சட்டி என் கையிலிருந்து விழுந்தது, அது விழுந்த சத்தம் கண்ணாடி மேஜை மேல் விழுந்தது, காபிக் கோப்பைகள் நடுவில் விழுந்தது, ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்றானா, மூணு தபா என்று அவள் சொன்ன வாய் மூடுவதற்குள் ஒரு தடவைகூட இல்லை என்று திருப்பினானா, நான் கணுவைத் தொட்டு எண்ணியதைப் பிரார்த்தனை செய்கிறாள் என்றானா, அதற்கா அந்த மனுஷர் எனக்குத் தலை குனிந்தார், அன்றைக்கு எனக்கு இவர்கள் மாதிரி மூன்று விரலை மடக்கத் தெரிந்திருந்தால் நடுவில் எந்த வாயும் வேண்டியிருந்திருக்காது. எழிலரசிக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவங்க எண்ணுற மாதிரி எனக்கும் சொல்லிக்குடுடி என்றாள், வீடியோவில் வந்தாள், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காருவதை நிறுத்திவிட்டவள், இடது கையில் சாப்பிடுகிறவள் என்று நாலு பேர் பார்ப்பதால், விரல் போன வலது கையை எனக்கு மட்டும் காட்டுவாள், கட்டைவிரலை மடக்கு, அது ஒன்று என்றேன், மடக்கினாள், தன் கையையே பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள், ஏய், எனக்கு ஒன்னே வராதுடி, மடக்கினா நேரா மூணுதான். நான் சிரிக்கவில்லை, ஒரே ஒரு ஆசைதான் அந்த நிமிஷத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது, எந்த வாயால் ஒரு தடவைகூட இல்லை என்றானோ அதே வாயால், அதே மனுஷர் முன்னால், மூன்று என்று அவன் சொல்ல வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம், கொரியாக்காரர் சாப்பிட வருகிற இடத்துக்கு அவன் வராமல் போகமாட்டான், காத்திருந்தேன்.

வந்தான், போன மாசம், ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச் முடிந்து நேராக வந்தார்கள், ஐந்து பேருக்கு வழியனுப்புச் சாப்பாடு என்று அஜும்மா முதல் நாளே சொல்லியிருந்தாள், கிருபாகரனைக் கொரியாவுக்கே மாற்றிவிட்டார்களாம், மனைவி பிள்ளையோடு போகிறானாம், அவனுக்குத்தான் விருந்து. சமையல்கட்டுத் திரை வழியாக எண்ணினேன், கொரியாக்காரர்கள் நாலு பேர், அவர்களுக்கு மரியாதை வால், அப்புறம் ஒரு மரி. ஹ்வாங் சார் தலை நரைத்துவிட்டது, கிருபாகரனுக்குத் தொந்தி விழுந்திருக்கிறது, தலையில் வலைத்தொப்பியும் மேலங்கியுமாகக் கிண்ணங்களோடு போன என்னை அவன் பார்க்கவில்லை, அவனுக்கு என் முகம் அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. இவர்கள் மேஜையில் ஒரு வழக்கம், பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர் எடுப்பார்கள், அவர் வைத்துவிட்டால் மற்றவரும் வைக்க வேண்டும், ஹ்வாங் சார் எடுத்தார், எல்லோரும் எடுத்தார்கள். சோறு ஐந்து கிண்ணம், சூப் ஐந்து கிண்ணம், தண்ணீர் ஐந்து குவளை என்று ஒவ்வொன்றாக வைத்து, வால் பிசகாமல் கொரிய மொழியில் சொன்னேன், ஹ்வாங் சார் நிமிர்ந்தார், நன்றாகப் பேசுகிறாயே, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார், ஆறு வருஷமாக நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த கேள்வி அது, கிருபாகரன் சார்தான் என்றேன், இரண்டே வார்த்தை சொல்லிக்கொடுத்தார், ஹன் பொன்தோ, கிதோ.

கிருபாகரன் அப்போதுதான் என்னைப் பார்த்தான், வாயில் சோறு இருந்தது. ஹ்வாங் சார் என் முகத்தில் எதையோ தேடினார், வலைத்தொப்பியைக் கழற்றினேன், ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு, நீ அன்றைக்குப் பிரார்த்தனை செய்த பெண் அல்லவா என்றார், இல்லை ஐயா, நான் பிரார்த்தனை செய்யவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன் என்றேன், எங்கள் ஊரில் இப்படி எண்ணுவோம் என்று சுண்டுவிரல் கணுக்களைத் தொட்டுக் காட்டினேன், உங்கள் ஊரில் இப்படி என்று கட்டைவிரலை, சுட்டுவிரலை, நடுவிரலை மடக்கினேன், மூன்று தடவை அவள் இவரிடம் சொன்னாள், மூன்றாவது தடவை நான் பக்கத்தில் நின்றேன். கிருபாகரன் வேகவேகமாகக் கொரிய மொழியில் பேசினான், வேலையை விட்டு நிறுத்திய பெண், பழைய கதை, கடைசியில் எனக்குத் தெரியாத ஒரு வார்த்தை, ஆனால் அதைச் சொன்ன முகத்தைப் பார்த்து என்னவென்று புரிந்தது, வன்மம் என்கிறான், ஆமாம் ஐயா, அது உண்மைதான் என்றேன், ஆனால் என்னை நம்ப வேண்டாம், அவளையே கேளுங்கள், போன் போடுகிறேன், நான் மொழிபெயர்க்க மாட்டேன், அவரே செய்யட்டும்.

தண்ணீர்க் கூஜாமேல் போனைச் சாய்த்து வைத்தேன், திரையில் எழிலரசி வந்தாள், ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு, இன்னாடி இந்நேரத்துல என்றவள், கிருபாகரனைப் பார்த்ததும் துண்டு அப்படியே நின்றது. ஹ்வாங் சார் கேள்வியைக் கேட்டார், தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக, கிருபாகரன் போனைப் பார்த்து, நல்லா இருக்கியாம்மா என்றான், அவர் அதைக் கேக்கலை சார், கேட்டதைச் சொல்லுங்க என்றேன் தமிழில். அவன் தண்ணீர் குடித்தான், எத்தனை தடவை சொன்னேன்னு கேக்குறாரு என்றான், எதை என்றாள் எழிலரசி, விளக்கு எரியலைன்னு, யார்கிட்ட, எங்கிட்டதான், அவள் வாய் கோணியது, தெரியுதுல்ல, அப்ப நீயே சொல்லேன் என்றாள், சார் என்று கூப்பிட்ட வாய், நீ என்றது. நாலு கொரியாக்காரர்களும் அவன் வாயையே பார்க்கிறார்கள், எழிலரசி துண்டைக் கீழே போட்டுவிட்டு வலது கையைத் தூக்குகிறாள், வேறு யாருக்கும் காட்டாத கையை, திரை நிறைய, சுட்டுவிரல் இல்லை, நடுவிரல் இல்லை, மெதுவாகக் கட்டைவிரலை மட்டும் மடக்குகிறாள், மோதிரவிரலும் சுண்டுவிரலும் நிமிர்ந்து நிற்கின்றன, ஹ்வாங் சார் அதைப் பார்த்துத் தன் கையை உயர்த்தி மடக்கிப் பார்க்கிறார், ஹனா, தூல், செத், இரண்டு கையும் ஒரே மாதிரி, நடுவில் எந்த வாயும் இல்லை. அந்தக் கையோடேயே கிருபாகரன் பக்கம் திரும்பினார், கேட்கவில்லை, சும்மா காட்டினார், செ பொன் என்றான் கிருபாகரன், மூன்று தடவை, முணுமுணுப்பாகத்தான், எனக்குப் போதும், எனக்குக் கேட்டது.

ஹ்வாங் சார் கரண்டியைக் கீழே வைத்தார், அடுத்தவர் வைத்தார், அடுத்தவர், அடுத்தவர், கடைசிக் கரண்டி கிருபாகரனுடையது, அது கிண்ணத்தின் ஓரத்தில் இடித்துச் சத்தம் போட்டது. திங்கட்கிழமை அந்தப் பழைய கோப்பு என் மேஜைக்கு வர வேண்டும், உன் பயணம் நிற்கட்டும் என்றார், இதையும் அவளுக்குச் சொல் என்றார், கிருபாகரன் சொன்னான், உன் ஃபைல திரும்ப எடுக்கச் சொல்றாரு, அப்புறம், என் பயணத்த நிறுத்தச் சொல்றாரு, தன் வாயாலேயே இரண்டையும் சொன்னான், நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு தலையைக் குனிந்தபடி, மன்னிச்சுடும்மா என்றான், யாரை என்று தெரியவில்லை, நான் கட்டைவிரலை மடக்கினேன், ஒரு தடவைதான் சார் ஆச்சு என்றேன், அவன் என்னைப் பார்த்தான், ஹ்வாங் சார் என் விரலைப் பார்த்தார், மன்னிச்சுடும்மா, சுட்டுவிரல், மன்னிச்சுடும்மா, நடுவிரல், திரையில் எழிலரசி தலையைச் சாய்த்துக் காதில் கையை வைத்துக்கொண்டு, இன்னா, ஒன்னும் கேக்கல, சிக்னல் இல்ல இங்க என்கிறாள், முகத்தில் பழைய சிரிப்பு, வாங்க சார் என்று கும்பிடுவாளே அந்தச் சிரிப்பு, காதிலிருந்து கையை எடுத்து மறுபடி எங்களுக்குக் காட்டுகிறாள், கட்டைவிரல் உள்ளே போகிறது, இல்லாத இரண்டு விரல்களும் எப்போதோ மடங்கியாகிவிட்டன, மோதிரவிரல் வருகிறது, நெத், சுண்டுவிரல் வருகிறது, தசொத், அப்போது நிஜமாகவே சிக்னல் போய்விடுகிறது, படம் அப்படியே நிற்கிறது, தண்ணீர்க் கூஜாவின்மேல், ஐந்து பேர் சாப்பிடாத மேஜையின் நடுவில், அவள் முஷ்டி.